குரல் வந்துவிட்டது, முகவரி எங்கே?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் ஆறரை மணி. தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தவர் மிதியை மிதித்தபடியே பக்கவாட்டில் சாய்கிறார். நாடா பாவின் நடுவில் நின்றுவிடுகிறது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த மகள் கைப்பேசியை எடுத்து மூன்று இலக்கங்களை அழுத்துகிறாள்: 1, 0, 8.

எடுத்துப் பேசுபவர் காஞ்சிபுரத்தில் இல்லை. எழுபது கிலோமீட்டருக்கு அப்பால், சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார்.

"சொல்லுங்கம்மா, எந்த மாவட்டம்?"

"காஞ்சிபுரம். அப்பா தறியிலயே சாஞ்சுட்டாரு. பேச்சு மூச்சு இல்ல. சீக்கிரம் வாங்க."

"பதறாதீங்கம்மா. எந்த ஏரியா? எந்தத் தெரு? பக்கத்துல கோயில், பள்ளிக்கூடம் ஏதாவது அடையாளம் சொல்லுங்க."

கோயில் அடையாளம் சொல்லி ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய ஊரா காஞ்சிபுரம்? தெருவுக்கு ஒரு கோயில் இருக்கிற ஊர் இது. சன்னதித் தெரு என்றால் எந்தச் சன்னதி என்று திருப்பிக் கேட்பார்கள். பிள்ளையார் கோயில் பக்கத்தில் என்றால் சிரிப்பார்கள். பழைய எண், புதிய எண் என்று கதவில் இரண்டு எண்கள் வேறு. பதற்றத்தில் இருக்கும் மகளுக்கு இரண்டுமே நினைவுக்கு வராது. ஆம்புலன்ஸ் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் நின்றுகொண்டிருக்கலாம். அதைக் கிளப்ப வேண்டிய செய்தி சென்னைக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். போன குரலோடு முகவரியும் சேர்ந்து போயிருந்தால்தான் வண்டி சரியான தெருவுக்குள் நுழையும்.

அவசர அழைப்பு என்ற பொருளுக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினால், அது முகவரியோடு பிறந்து, வளர வளர முகவரியைத் தொலைத்த ஒன்றின் கதையாக இருக்கும்.

கம்பியோடு பிறந்தது

அதன் பிறப்புக்கே சாவுதான் காரணம். 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியை எடுத்து இணைப்பகத்தை அழைத்தபோது, மற்ற அழைப்புகளோடு அவருடையதும் வரிசையில் நிறுத்தப்பட்டது. அவர் 'தி டைம்ஸ்' இதழுக்கு ஆத்திரத்தோடு கடிதம் எழுதினார். அதிலிருந்து கிளம்பிய விசாரணையின் முடிவில், 1937 ஜூன் 30 அன்று 999 என்ற எண் லண்டனில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 911 பிறக்க 1968 வரை ஆனது. இந்தக் கதையின் முதல் பாத்திரம் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் திரும்பத் திரும்ப வருவார்.

நம் பக்கத்தில் தொலைபேசி 1882-லேயே சென்னைக்கு வந்துவிட்டது. ஆனால் காஞ்சிபுரத்துத் தெருவீடுகளுக்குள் அது நுழைய நூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது. நெசவாளர் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு இருந்தது சொந்த எண் அல்ல, 'பி.பி. நம்பர்'. கல்யாணப் பத்திரிகையிலும் ஜவுளிக்கடை ரசீதிலும் எண்ணுக்குப் பக்கத்தில் பி.பி. என்று போட்டிருக்கும். அது பக்கத்து வீட்டு முதலியார் போனாகவோ, எதிர்வீட்டு வாத்தியார் போனாகவோ இருக்கும். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, கூப்பிடுறேன்" என்று அவர் வீட்டுப் பிள்ளை ஓடிவந்து வாசலில் குரல் கொடுப்பான். வெளியூருக்குப் பேச மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத். காஞ்சிபுரத்தின் எஸ்.டி.டி. எண் அப்போது 04112. பின்னாளில் அது சென்னையின் 044-க்குள் கரைந்தது.

அந்தக் கம்பித் தொலைபேசிக்கு இரண்டு குணங்கள் இருந்தன. அப்போது யாரும் அவற்றைக் குணமாகக் கருதவில்லை. முதலாவது, அது நகராது. எந்த ஜோடிக் கம்பி எந்த வீட்டுச் சுவரில் முடிகிறது என்பது இணைப்பகப் பதிவேட்டில் இருக்கும். எண் தெரிந்தால் வீடு தெரியும். இரண்டாவது, அதற்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. இணைப்பகத்து பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அதே செம்புக் கம்பியில் வந்துகொண்டிருக்கும். மழையில் கரண்ட் போன ராத்திரியிலும் காதில் வைத்தால் அந்த 'கொய்ங்' சத்தம் கேட்கும்.

அண்ணா பிறந்த நாளில்

காவலுக்கு 100, தீக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 102 என்று எண்கள் இருந்தும், வண்டி வரும் என்ற நம்பிக்கை மக்களுக்கு வந்தது 108-க்குப் பிறகுதான். 2005 ஆகஸ்ட் 15 அன்று ஆந்திரத்தில் தொடங்கிய அந்தச் சேவை, 2008 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. அது அறிஞர் அண்ணாவின் பிறந்த நாள். அண்ணா பிறந்த ஊர் காஞ்சிபுரம். அந்த எண்ணும் இந்த ஊருக்குப் புதிதல்ல. 108 திவ்ய தேசங்களில் 14 காஞ்சி நகருக்குள்ளேயே இருக்கின்றன. பெருமாள் பெயரால் தெரிந்த எண் வண்டியின் பெயராகவே ஆகிவிட்டது. "ஒன் நாட் எயிட்டுக்குப் போடு" என்று படிக்காத கிழவியும் சொல்கிறாள்.

இந்த ஏற்பாடு கடல் கடந்தும் போனது. இலங்கையில் 2016-இல் இந்திய நிதியுதவியோடு தொடங்கிய '1990' சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை இதே அச்சில் வார்த்தது. 2018 ஜூலையில் அது யாழ்ப்பாணத்துக்கும் வந்தது.

கூடவே எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்ற யோசனையும் வளர்ந்தது. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த நிர்பயா கொடுமைக்குப் பிறகு அது வேகம் பிடித்தது. 2015-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 112-ஐப் பரிந்துரைத்தது. 2019 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாடு உட்பட 16 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் அது தொடங்கிவைக்கப்பட்டது. ஆனாலும் இங்கே வாயில் முதலில் வருவது 100-ம் 108-ம்தான்.

கம்பி அறுந்த பிறகு

108 வளர்ந்த அதே காலத்தில்தான் கைப்பேசியும் வளர்ந்தது. கைப்பேசிக்குச் சுவர் கிடையாது. எண் தெரிந்தாலும் வீடு தெரியாது. சிம் வாங்கும்போது கொடுத்த முகவரி சொந்த ஊராக இருக்கும், ஆள் வாலாஜாபாத்தில் இருப்பார். அழைப்பு எந்தக் கோபுரத்தைத் தொட்டது என்று மட்டும் வலைப்பின்னலுக்குத் தெரியும். நகரத்துக்குள் கோபுரத்தின் வட்டம் சில நூறு மீட்டர். உத்திரமேரூர்ப் பக்கத்து வயல்வெளியில் சில கிலோமீட்டர். அத்தனை வட்டத்துக்குள் ஒரு வீட்டைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுகிற வேலை.

இந்த ஓட்டையை அடைக்க அரசு ஒரு தையல் போட்டது. 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் கைப்பேசிகளில் ஆபத்துப் பொத்தான் இருக்கவேண்டும் என்றது. சாதாரண போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிக்கலாம், ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானை அடுத்தடுத்து மூன்று முறை தட்டலாம். 2018 முதல் ஜி.பி.எஸ்.-உம் கட்டாயம் என்றது. திறந்த வெளியில் ஜி.பி.எஸ். சில மீட்டர் வரை சரியாகக் காட்டும். ஒட்டிய சுவர்களுக்கு நடுவே நீளவாக்கில் உள்ளே போகிற தறிவீட்டுக் கடைசி அறையில் அது தடுமாறும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கைப்பேசிகள் பிறக்கிற இடங்களில் ஒன்று இதே காஞ்சிபுரம் மாவட்டம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் திறந்த நோக்கியா ஆலை 2014-இல் மூடியது. அதே வட்டாரத்தில் வேறோர் ஆலையில் இப்போது ஃபாக்ஸ்கான் ஐபோன் பூட்டுகிறது. கோபுரமே இல்லாத இடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் வசதி 2022 நவம்பரில் ஐபோன் 14-இல் வந்தபோது, முதலில் கிடைத்தது அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும். அந்த மாடல் அதே ஆண்டில் நம் மாவட்டத்திலும் பூட்டப்பட்டது. பூட்டிய பெண்ணின் ஊரில் அந்த வசதி வேலை செய்யவில்லை.

குரல் பொட்டலமானது

அடுத்த மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. பேச்சைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி இணையத்தில் அனுப்பும் தொழில்நுட்பம் வந்தது. 2002 ஏப்ரல் முதல் இந்தியாவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அதிலும் கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம், வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம், உள்நாட்டுத் தொலைபேசிக்கு மட்டும் கூடாது. இந்தியாவுக்குள்ளேயே செல்பேசிக்கும் லேண்ட்லைனுக்கும் அழைக்கும் வசதியை ஸ்கைப் 2014 நவம்பரில் நிறுத்திக்கொண்டது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் சாதாரண செல்பேசிப் பேச்சே இணைய நெறியில்தான் ஓடத் தொடங்கியது. ஆனால் அங்கே சிம்மும் கோபுரமும் இருக்கின்றன. அவசர எண்ணை அழுத்தினால் வலைப்பின்னல் அதை அடையாளம் கண்டு வழிவிடும். சிம்மையும் கோபுரத்தையும் கழற்றிவிட்டு, செயலியும் வைஃபையும் மட்டும் மிச்சமிருக்கும்போதுதான் சிக்கல் முளைக்கிறது.

ஏன் என்று பார்ப்போம். காஞ்சிபுரத்தில் ஃபைபர் இணைப்பு போட்ட வீட்டில் உட்கார்ந்து ஏதாவது ஒரு வலைத்தளத்தைத் திறந்தால், 'உங்கள் இடம்: சென்னை' என்று பல தடவை காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இணைய எண் (ஐ.பி.) காட்டுவது வீட்டை அல்ல, இணைப்புத் தரும் நிறுவனத்தின் வாசற்கதவு எங்கே இருக்கிறது என்பதைத்தான். ஒரே எண்ணின் பின்னால் நூற்றுக்கணக்கான வீடுகளும் இருக்கலாம். பொட்டலம் போய்ச் சேர்ந்துவிடும். எந்தத் தெருவில் கட்டியது என்று அதன் மேல் எழுதியிருக்காது.

டிராய் இதை அறியாமல் இல்லை. 2017 அக்டோபர் 24 அன்று இணையத் தொலைபேசி பற்றித் தந்த பரிந்துரையில், இருப்பிடச் சேவையைப் பயன்படுத்தி அவசர அழைப்பு வசதி தர நிறுவனங்களை ஊக்குவிக்கலாம், ஆனால் இப்போதைக்குக் கட்டாயமாக்க வேண்டாம் என்றது. அந்த வசதிக்குள்ள வரம்பை வாடிக்கையாளருக்கு ஐயமில்லாமல் சொல்லிவிட வேண்டும் என்றும் சேர்த்தது. அதைத் தொடர்ந்து 2018 ஜூனில் உரிம விதிகள் திருத்தப்பட்டன. அடுத்த மாதமே பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்ற செயலிவழித் தொலைபேசியைக் கொண்டுவந்தது. வாட்ஸ்அப் தன் விதிகளிலேயே, இதிலிருந்து அவசர எண்களை அழைக்க முடியாது என்று எழுதிவைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டியவர் எத்தனை பேர்?

இன்னொன்று பலருக்குத் தெரியாது. செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போட்ட வீடுகளில், மேசைமேல் இருக்கிற அதே பழைய போன் இப்போது இணையப் பெட்டியில் செருகப்பட்டிருக்கிறது. எண் அதே எண், மணிச் சத்தமும் அதே சத்தம். ஆனால் அது இணையத் தொலைபேசி. கரண்ட் போய், இன்வெர்ட்டரும் இல்லையென்றால் அந்தப் பெட்டியோடு போனும் சாகும். 48 வோல்ட் காலம் முடிந்துவிட்டது.

இரண்டு நகரங்கள், இரண்டு பக்கத்து வீடுகள்

இணையத் தொலைபேசியின் இந்தக் குறைக்கு விலை என்ன என்பதை முதலில் தெரிந்துகொண்டவர்கள் வட அமெரிக்கர்கள். 2005 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் ஒரு வீட்டுக்குள் கொள்ளையர் புகுந்து கணவனையும் மனைவியையும் சுட்டார்கள். மகள் வீட்டிலிருந்த இணையத் தொலைபேசியில் 911-ஐ அழுத்தினாள். இந்த இணைப்பிலிருந்து 911 கிடையாது என்று பதிவு செய்த குரல் ஒன்று பதில் சொன்னது. அவள் பக்கத்து வீட்டுக்கு ஓடித்தான் உதவியை அழைத்தாள். பெற்றோர் பிழைத்தார்கள். சேவை தந்த வானேஜ் நிறுவனத்தின்மேல் டெக்சாஸ் அரசு வழக்குப் போட்டது. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், இணையத் தொலைபேசி நிறுவனங்கள் 120 நாளுக்குள் 911-ஐ முகவரியோடு இணைத்துத் தரவேண்டும் என்று ஆணையிட்டது.

கனடாவில் நடந்தது இதைவிடக் கொடியது. 2008-இல் கால்கரியில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மூச்சுத் திணறியது. வீட்டார் இணையத் தொலைபேசியில் 911-ஐ அழைத்தார்கள். அழைப்பு போனது, ஆளும் எடுத்தார், ஆம்புலன்ஸும் கிளம்பியது. ஆனால் கிளம்பியது அவர்கள் முன்பு குடியிருந்த மிஸ்ஸிசாகா வீட்டு முகவரிக்கு. இரண்டு ஊருக்கும் நடுவே சாலை வழியாக 3,000 கி.மீ.க்கும் மேல். வீடு மாறியது பதிவேட்டில் மாறவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு பக்கத்து வீட்டுக் கம்பித் தொலைபேசியில் அழைத்த பிறகுதான் வண்டி வந்தது. குழந்தை பிழைக்கவில்லை.

மூன்று கண்டங்களின் கதையை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1935 லண்டனில் பக்கத்து வீட்டுக்காரர், 2005 ஹூஸ்டனில் பக்கத்து வீடு, 2008 கால்கரியில் பக்கத்து வீட்டு போன். காஞ்சிபுரத்தில் அதற்கு நாம் வைத்த பெயர் பி.பி. நம்பர்.

அம்மா திரையில், மகன் தூரத்தில்

நம் ஊருக்கு இந்தச் சிக்கல் வேறு உருவில் வந்திருக்கிறது. தறியை விட்டுப் படித்துப்போன தலைமுறை சிங்கப்பூரிலும் துபாயிலும் நியூஜெர்சியிலும் இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் சின்னக் காஞ்சிபுரத்தில். தினமும் ராத்திரி வீடியோ கால். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா கட்டிலிலிருந்து எழுந்து தலைசுற்றி விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் தரையில் கிடக்கிறது, திரையில் மின்விசிறி சுற்றுகிறது. எல்லாம் தெரிகிறது, எல்லாம் கேட்கிறது. மகனால் ஒன்றும் செய்ய முடியாது.

அவன் துபாயிலிருந்து 998-ஐ அழுத்தினால் துபாய் ஆம்புலன்ஸ். சிங்கப்பூரில் 995 என்றால் சிங்கப்பூர் வண்டி. ஜெர்மனியில் 112 அழுத்தினால் எடுப்பவர் ஜெர்மன் மொழியில் பேசுவார். மூன்று இலக்க எண்கள் அந்தந்த நாட்டின் எல்லைக்குள் வாழ்பவை. கடல் தாண்டி 108-ஐப் பிடிக்கலாம் என்று நம்பி உட்கார முடியாது. முகத்தை இலவசமாகக் கொண்டுவந்து காட்டிய இணையத்துக்கு, அந்த முகத்தின் கதவைத் தட்ட ஓர் ஆளை அனுப்பத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் அவனுக்கு வேண்டியது பத்து இலக்க எண்: எதிர்வீட்டு அக்கா எண், தெருமுனை மருந்துக்கடை எண், பக்கத்து மருத்துவமனையின் எண். +91 போட்டு நேராக அடிக்கக்கூடிய எண்கள். எதிர்வீட்டு அக்கா 108-க்குப் போடுவார், வாசலில் நின்று வண்டிக்குக் கை காட்டுவார், ரயில்வே சாலை அரசு தலைமை மருத்துவமனை வரை கூடவே ஏறிப்போவார். இதற்கு ஈடான செயலியை இன்னும் யாரும் எழுதவில்லை.

கோர்வை

காஞ்சிப் பட்டுக்குப் பெயர் வாங்கித்தந்தது கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கும் தனித்தனி நாடா. உடலும் கரையும் சேருமிடத்தில் இழை இழையாகக் கோத்து நெய்வார்கள். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கவேண்டும், ஒருவரால் ஆகாது. புடவை கிழிந்தாலும் கோர்வை பிரியாது என்று நெசவாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவசர அழைப்பில் குரல் உடல் என்றால் முகவரி கரை. கம்பி இருந்த காலத்தில் இரண்டும் தானாகக் கோத்துக்கொண்டன. இணையத்தில் அந்தக் கோர்வையை யாராவது உட்கார்ந்து போடவேண்டும்.

அதில் அரசின் பங்கு உண்டு. எண்ணும் சந்தாவும் விற்கிற எந்த இணையத் தொலைபேசியும் அவசர அழைப்பைத் தன் விருப்பம்போல் விட்டுவிடக் கூடாது. 'இப்போதைக்குக் கட்டாயமில்லை' என்று சொன்ன 2017 கடந்து வெகு நாளாயிற்று. வெளிநாட்டிலிருந்து அழைக்கக்கூடிய ஒரு முழு நீள எண்ணை 108-க்கும் 112-க்கும் கொடுத்து, அதை 108 அளவுக்குப் பரப்பவேண்டும். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய மாநிலம் இதைக்கூடச் செய்யாமல் இருக்கக் கூடாது.

நம் பங்கு அதைவிடச் சின்னது, இன்றைக்கே முடிக்கக்கூடியது. கதவுக்குப் பின்னால் ஒரு காகிதம் ஒட்டுங்கள். கதவு எண், தெரு, பகுதி, தாலுகா, சட்டென்று கண்டுபிடிக்கிற ஓர் அடையாளம். பதற்றத்தில் மனப்பாடம் மறக்கும், காகிதம் மறக்காது. அவசரம் என்றால் செயலியைத் திறக்காமல் சாதாரண டயலரில் அழையுங்கள். வைஃபை அழைப்பில் முகவரி கேட்டால், வீடு மாறியதும் மாற்றி எழுதுங்கள். வெளியூரில் இருக்கிற பிள்ளை என்றால், அம்மாவின் எண்ணுக்கு அடுத்தபடியாக எதிர்வீட்டு எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள். பெயரை எப்படிப் போடுவது என்று யோசிக்கவேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகையில் இருந்தது போலவே, பி.பி. என்று போடுங்கள்.